அடுத்த பந்தயத் தடத்துக்கு எந்த மண்?

2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 ஆகிய இரண்டு நாள்கள் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி ஃபார்முலா 4 கார்கள் இரவு வெளிச்சத்தில் ஓடின. அண்ணா சாலை, சிவானந்தா சாலை, நேப்பியர் பாலம் என்று நாம் பேருந்தில் போய்வரும் சாலைகளே மூன்றரை கிலோமீட்டர் பந்தயத் தடமாகின. 2023 டிசம்பரில் நடந்திருக்க வேண்டிய பந்தயம் அது. மிக்ஜாம் புயல் தள்ளிப்போட வைத்தது. அரசுப் பணத்தை இதற்குச் செலவிடலாமா, ஆஸ்பத்திரிகள் உள்ள இடத்தில் இவ்வளவு சத்தம் தகுமா என்று உயர் நீதிமன்றம் வரை வழக்கும் போனது. பந்தயம் முடிந்ததும் தடுப்புகளைக் கழற்றினார்கள், சாலை பழையபடி சாலையானது.

அதற்குப் பிறகு எங்கள் வேதாரண்யம் பக்கத்து இளைஞர்களிடம் ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. சென்னைக்கும் கோவைக்கும் மட்டும்தான் ரேஸ் டிராக்கா? கோடியக்கரைப் பக்கம் கண்ணுக்கு எட்டிய தூரம் வெட்டவெளி கிடக்கிறதே, அங்கே ஒரு மோட்டார் பந்தயப் பூங்கா வந்தால் ஊருக்கு வேலையும் வரும், பெயரும் வரும் அல்லவா? இதை விளையாட்டுப் பேச்சென்று ஒதுக்க எனக்கு மனமில்லை. அஜித் குமாரின் அணி 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்ததை இந்தப் பிள்ளைகள் இரவு முழுக்க விழித்திருந்து கைப்பேசியில் பார்த்தார்கள். அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. கேட்கும் இடம்தான் தவறு. இந்த இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பதால் இந்தக் கட்டுரை.

தமிழ்நாட்டின் கார்ப் பந்தயம் சோழவரத்தில் தொடங்கி வளர்ந்தது. சென்னைக்கு வடக்கே, இரண்டாம் உலகப் போருக்காகப் போடப்பட்ட விமான ஓடுதளம் அது. போர் முடிந்ததும் ஓடுதளத்துக்கு வேலை இல்லாமல் போயிற்று. உலகின் பல நாடுகளில் மோட்டார் பந்தயம் இப்படித்தான் வேர்விட்டது. இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் போர்க்கால விமானத்தளம். ஃபார்முலா 1 உலகச் சாம்பியன்ஷிப்பின் முதல் பந்தயம் 1950 மே 13 அன்று அங்கேதான் நடந்தது. கல்கத்தாக்காரர்களுக்கு பாரக்பூர் ஓடுதளம் கிடைத்தது. இலங்கையில் கட்டுகுருந்த. காரணம் எளிது. போர் விமானம் இறங்குவதற்கென்று கெட்டியாகவும் மட்டமாகவும் போட்ட தளம், சுற்றிலும் வீடு இல்லாத வெளி, மழைநீர் நிற்காத வடிகால் ஆகிய மூன்றும் அங்கே ஏற்கெனவே இருந்தன. யாருடைய வயலையும் புதிதாக எடுக்க வேண்டியிருக்கவில்லை.

1953இல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தொடங்கப்பட்டது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் இந்து சந்தோக். சோழவரத்தில் இந்த கிளப் நடத்திய பந்தயங்களுக்குக் கோவை, பெங்களூர், பம்பாய், கல்கத்தா என்று பல ஊர்களிலிருந்து ஓட்டுநர்கள் வந்தார்கள். இலங்கையிலிருந்தும் வந்தார்கள். 1980களின் தொடக்கத்தில் விஜய் மல்லையா ஒரு ஃபார்முலா 1 காரையே கொண்டுவந்து அங்கே ஓட்டினார். பார்க்கக் கூட்டம் அலைமோதியது. ஆனால் தளம் கிளப்புக்குச் சொந்தமில்லை. அனுமதி கிடைக்கும் நாள்களில் வைக்கோல் கட்டுகளையும் பீப்பாய்களையும் வைத்துத் தடம் குறித்து, பந்தயம் முடிந்ததும் எடுத்துவிட வேண்டும். சொந்த இடம் இல்லாதவரை ஒரு விளையாட்டு திருவிழாவாக மட்டுமே இருக்கும், பயிற்சியாக மாறாது என்று கிளப் புரிந்துகொண்டது. ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் சொந்தமாக நிலம் வாங்கியது. 1990இல் அங்கே பந்தயம் தொடங்கியது. சுமார் 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தத் தடம்தான் இன்று மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட்.

என் பார்வையில் இந்திய மோட்டார் பந்தய வரலாற்றின் முக்கியமான முடிவு அதுதான். அரசாங்கம் கட்டியதல்ல, பெரிய கட்டுமானக் கம்பெனி கட்டியதும் அல்ல. பந்தயம் ஓட்டுகிறவர்களே சேர்ந்து வைத்திருக்கும் ஒரு கிளப், தனக்குத் தாங்கும் அளவில், சொந்த மண்ணில் கட்டிய தடம். பக்கத்திலேயே ஹுண்டாய் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது 1998இல். அந்த வட்டாரம் மோட்டார் தொழிலின் மையமாக மாறுவதற்கு முன்பே தடம் அங்கே இருந்தது. இந்து சந்தோக்கின் பேரன் கருண் சந்தோக் 2010இல் ஃபார்முலா 1 ஓட்டினார். அவருக்கு முன்பே, 2005இல், ஃபார்முலா 1இல் இறங்கிய முதல் இந்தியர் கோவையின் நரேன் கார்த்திகேயன்; அவர் முதன்முதலாகப் பந்தயம் ஓட்டியதும் ஸ்ரீபெரும்புதூரில்தான்.

அந்தத் தடத்துக்குப் போகும் எவரும் தார்ச்சாலையைவிட, அதைச் சுற்றி இருப்பதை உற்றுக் கவனிக்க வேண்டும். வளைவின் வெளிப்பக்கம் தார் முடியும் இடத்தில் மதில் கிடையாது. முதலில் வெறும் வெளி. வேகமான வளைவு என்றால் அங்கே ஆழமாகச் சரளைக்கல் கொட்டியிருக்கும். தடம் தவறிய கார் அதில் புதைந்து வேகம் இழக்கும். அதையும் தாண்டினால் கட்டிக் கோத்த பழைய டயர்ச் சுவர். ஒவ்வொரு வளைவிலும் ஒரு சாவடி, அதில் கொடியோடு மார்ஷல்கள். மஞ்சள் கொடி அசைந்தால் முன்னே ஆபத்து, முந்தக்கூடாது. சிவப்புக் கொடி என்றால் பந்தயமே நிறுத்தம். தயாராக ஆம்புலன்ஸ், மருத்துவர், தீயணைப்பு. மார்ஷல் வேலை பார்ப்பவர்களில் பெரும்பாலோர் இந்த விளையாட்டின் மேல் ஆசை கொண்டு வருகிறவர்கள். ஒரு வார இறுதி முழுக்க வெயிலில் நின்று பழகினால்தான் எந்த நொடியில் எந்தக் கொடி என்பது கைக்கு வரும். இவ்வளவும் இருந்தும் 2023இல் மட்டும் அந்தத் தடத்தில் ஜனவரியில் ஒரு மூத்த கார்ப் பந்தய வீரரும், ஆகஸ்டில் பைக் ஓட்டிய 13 வயதுச் சிறுவன் ஒருவனும் உயிரிழந்தார்கள். முப்பது வருடத்துக்கு மேல் பழகிய தடத்திலேயே நிலைமை இது. நிலம் இருக்கிறது, தார் போட்டால் போதும் என்று நினைப்பவர்கள் இதை மறக்கக்கூடாது. தடம் என்பதில் பாதி மனிதர்கள்.

கோவையின் கதை இன்னொரு விதம். மில் குடும்பத்தில் பிறந்த கரிவர்தன் காரை வெளியிலிருந்து வாங்கி ஓட்டுவதோடு நிற்கவில்லை. மாருதி 800 காரின் எஞ்சினை வைத்து, நடுத்தரக் குடும்பத்துப் பையனும் எட்டிப் பிடிக்கக்கூடிய செலவில், ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை 1980களின் இறுதியில் உருவாக்கினார். ஃபார்முலா மாருதி என்ற அந்த வகுப்பில்தான் ஒரு தலைமுறையே பந்தயம் கற்றது. 1995இல் சிறுவிமான விபத்தில் அவர் இறந்தார். செட்டிபாளையத்தில் 2003இல் திறந்த, இரண்டு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும் தடத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். அங்கே தடம் பிழைத்ததற்குக் காரணம் அதைச் சுற்றியிருந்த லேத் பட்டறைகள், வார்ப்பு ஆலைகள், எஞ்சினைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த மெக்கானிக்குகள். உடைந்த பாகத்தை அன்றைக்கே கடைந்து தர ஆள் இருக்கிற ஊர் கோவை.

இவற்றுக்கு நேர் எதிர் உதாரணம் டெல்லிக்கு அருகே கிரேட்டர் நொய்டாவின் புத் இன்டர்நேஷனல் சர்க்யூட். 875 ஏக்கர். நம் தஞ்சாவூர்க் கணக்கில் சுமார் 130 வேலி. 5.125 கிலோமீட்டர் தடத்தை வடிவமைத்தவர் ஜெர்மனியின் ஹெர்மன் டில்க. 2011, 2012, 2013 என்று மூன்று ஃபார்முலா 1 பந்தயங்கள் நடந்தன, மூன்றிலும் செபாஸ்டியன் வெட்டல் வென்றார். அத்தோடு நின்றுபோனது. ஃபார்முலா 1ஐ விளையாட்டென்று ஏற்காமல் கேளிக்கை வரி கேட்டது மாநில அரசு. வருமான வரி வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2017இல்தான் முடிந்தது. கட்டிய கம்பெனி கடனில் மூழ்கியது. யமுனா எக்ஸ்பிரஸ்வே ஆணையம் 2020இல் நில ஒதுக்கீட்டையே ரத்து செய்தது. நிலம் கொடுத்த விவசாயிகள் கூடுதல் இழப்பீடு கேட்டுப் போராடியதும் அந்த வட்டாரத்தில்தான். 2023 செப்டம்பரில் மோட்டோ ஜிபி பைக் பந்தயம் ஒருமுறை வந்தது, அடுத்த ஆண்டு வரவில்லை. உலகத்தரத் தடம், உலகத்தர அரங்கம், எல்லாம் இருந்தது. வருடத்தின் மற்ற முந்நூறு நாளும் அதில் ஓட்டப்போவது யார் என்ற கேள்விக்கு மட்டும் பதில் இல்லை. ஒரு பெரிய பந்தயத்தை நம்பிக் கட்டிய பூங்காவின் முடிவு அது.

இனி கோடியக்கரைக்கு வருவோம். முதலில், வெட்டவெளி என்று நாம் சொல்வது வெட்டவெளியே அல்ல. வேதாரண்யத்திலிருந்து தெற்கே போகும்போது அகஸ்தியன்பள்ளியில் சாலையோரம் உப்பளங்கள், கீற்று வேய்ந்து மூடிய உப்பு அம்பாரங்கள். 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பு அள்ளிய மண். அதைத் தாண்டினால் கோடியக்காடு, உலர் பசுமைமாறாக் காட்டில் நம் கடற்கரையில் மிஞ்சியிருக்கும் நல்ல துண்டுகளில் ஒன்று. வெளிமான்களுக்காக 1967இல் அதைச் சரணாலயமாக அறிவித்தார்கள். மேற்கே விரியும் சதுப்பு நிலத்தையும் சேர்த்து 38,500 ஹெக்டேர் 2002இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. வெளிமான் காட்டுக்குள் ஒளிந்து பிழைக்கும் பிராணி அல்ல. புல்வெளியில் மேய்ந்து, தூரத்துச் சலனத்தைப் பார்த்து ஓடித் தப்பும் பிராணி. நாம் காலி இடம் என்று நினைக்கும் திறந்த வெளிதான் அதன் வீடு. 2018 நவம்பர் 16இல் கஜா புயல் கரையைக் கடந்தபோது அந்த மான் கூட்டத்தில் பலவற்றைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போனது. காடு இன்னும் அந்த அடியிலிருந்து முழுதாக எழவில்லை.

அடுத்தது பருவம். அக்டோபர் தொடங்கிப் பங்குனி வரை பூநாரைகளும் உள்ளான்களும் வடக்கேயிருந்து இங்கே வந்து தங்குகின்றன. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் இங்கே பல பத்தாண்டுகளாகப் பறவைகளுக்கு வளையமிட்டு அவற்றின் வலசையை ஆராய்ந்து வருகிறது. மழை விட்டு, கோடை சுடுவதற்கு முன், தை மாசி மாதங்கள்தான் தமிழ்நாட்டில் பந்தயத்துக்கும் நல்ல காலம். பறவைக்கும் காருக்கும் ஒரே மாதங்கள் வேண்டும். இதை அட்டவணை போட்டுத் தீர்க்க முடியாது.

சத்தத்தைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். ஒரு பந்தயக் கார் பத்து மீட்டர் தொலைவில் 100 டெசிபல் சத்தம் போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் சத்தம் 6 டெசிபல் குறையும். குடியிருப்புப் பகுதியில் பகலில் அனுமதிக்கும் அளவு 55 டெசிபல், இரவில் 45 என்பது 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் சொல்வது. அந்த 55க்கு இறங்க ஒரு காரின் சத்தத்துக்கே ஏறத்தாழ 2 கிலோமீட்டர் வேண்டும். இருபது கார் ஒன்றாக ஓடினால் மொத்தச் சத்தம் 13 டெசிபல் கூடும். அப்போது ஏட்டுக்கணக்கில் அந்தத் தூரம் 8 கிலோமீட்டரை நெருங்கும். காற்றும் தரையும் கொஞ்சம் விழுங்கும் என்பது உண்மைதான். ஆனால் உப்பளமும் சேற்றுவெளியும் கண்ணாடி மாதிரி மட்டமாகக் கிடக்கும் பூமி. குன்று இல்லை, மேடு இல்லை, சத்தத்தை மறிக்க எதுவும் இல்லை. கோடியக்கரையிலிருந்து வேதாரண்யமே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான்.

சரி, சரணாலயத்தை விட்டுவிட்டு வடக்கே தலைஞாயிறு, கீழ்வேளூர்ப் பக்கம் வயல்வெளியில் கட்டலாமே என்று கேட்கலாம். 2020இல் நிறைவேறிய பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் டெல்டாவில் கூடாதவை என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. தாமிர, துத்தநாக, அலுமினிய உருக்காலைகள், தோல் பதனிடும் ஆலை, மீத்தேன் உட்பட எண்ணெய் எரிவாயு எடுப்பு, கப்பல் உடைப்பு போன்றவை அதில் உண்டு. பந்தயத் தடம் அதில் இல்லை. சதுப்பு நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றுவதை 2017ஆம் ஆண்டின் ஈரநில விதிகள் தடுக்கின்றன, அது ராம்சர் பகுதிக்குக் காவல். வயலுக்கு அந்தக் காவல் கிடையாது. ஆகவே இந்தக் கேள்விக்குச் சட்டப் புத்தகத்தில் பதில் தேடிப் பயனில்லை, தண்ணீரிடம்தான் கேட்க வேண்டும்.

கடைமடையில் வாழ்கிறவர்களுக்கு இது விளக்காமலே புரியும். மேட்டூரில் திறந்த தண்ணீர் எங்களுக்கு வந்துசேரும்போது ஐப்பசி மழையும் கூடவே வரும். பாய்ச்சுவதைவிட வடிப்பதுதான் இங்கே பெரிய கவலை. அடப்பாறும் மானங்கொண்டான் ஆறும் கடல் ஏறி வரும் நேரத்தில் மெதுவாகத்தான் வடியும். பந்தயத் தடத்தில் ஒரு கைப்பிடித் தண்ணீர்கூட நிற்கக்கூடாது, நின்றால் கார் வழுக்கும். ஆகவே தடத்தைச் சுற்றியுள்ள தரையைவிட உயர்த்தியாக வேண்டும். மூன்று நான்கு கிலோமீட்டர் நீளத்துக்கு மூடிய வளையமாக ஒரு கரை எழுப்பினால் அதற்குக் குறுக்கே வரும் வடிகால்கள் எல்லாம் குழாய்க்குள் அடங்க வேண்டும். குழாய் அடைத்தால் மேற்புறத்துச் சம்பா மூழ்கும். டெல்டாக் களிமண் வேறு, ஈரத்தில் வீங்கிக் கோடையில் வெடிக்கும் மண். அதன் மேல் போட்ட சாலை வருடத்துக்கு வருடம் அலை அலையாவதை நம் ஊர்ச் சாலைகளிலேயே பார்க்கிறோம். மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் அந்த அலை உயிரை வாங்கும். அதைத் தடுக்க மண்ணை ஆழமாக வெட்டி மாற்ற வேண்டும், அதற்கு வேறெங்கோ ஒரு மலை கரைய வேண்டும்.

அதனால் கோடியக்கரையில் தடம் கூடாது, டெல்டா வயலிலும் கூடாது. ஆனால் இங்கே நிறுத்தினால் அந்தப் பிள்ளைகளுக்கு நான் பதில் சொன்னதாகாது.

கிழக்குக் கடற்கரைச் சாலை அகலமானபின் நாகப்பட்டினம் தொடங்கி முத்துப்பேட்டை வரை மாலை நேரத்தில் பைக்குகள் பறக்கின்றன. சைலன்சரைக் கழற்றிய சத்தம், பின்னால் ஒருவன் கைப்பேசியில் படம் எடுக்கிறான். தலைக்கவசம் டேங்கின் மேல் கிடக்கும். ஒன்றிய அரசின் கணக்குப்படி 2022இல் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள், நாட்டிலேயே அதிகம் இங்கேதான். 17,884 பேர் இறந்தார்கள். நாடு முழுவதும் சாலையில் இறந்தவர்களில் பத்தில் நான்கு பேருக்கு மேல் இருசக்கர வண்டியில் போனவர்கள், பத்தில் ஏழு சாவுக்குக் காரணம் மிகுவேகம். வேக ஆசையைப் போலீஸ் அபராதம் அணைத்துவிடும் என்று நான் நம்பவில்லை. அந்த ஆசைக்கு ஓர் இடமும், ஒரு குருவும், ஒரு தலைக்கவசமும் கொடுத்தால் அதில் ஒரு பகுதியாவது சாலையை விட்டு இறங்கும். பிரேக் பிடிக்கும் விதம், வளைவில் கண் எங்கே இருக்க வேண்டும், ஈரத்தில் சக்கரம் எப்போது பிடியை விடும் என்பதையெல்லாம் தடத்தில் ஒருநாள் கற்றவன் சாலையில் வேறு மாதிரி ஓட்டுவான்.

இதற்கு ஃபார்முலா 1 தடம் தேவையில்லை. ஒரு கிலோமீட்டர் அளவில் கார்ட்டிங் தடம், பைக் பயிற்சிக்கு ஒரு மட்டமான தளம், ஒரு பட்டறை, ஓர் ஆம்புலன்ஸ், மாத ஊதியத்தில் பயிற்சியாளர்கள். மின்சாரக் கார்ட் வைத்தால் சத்தம் பெருமளவு குறையும். கனரக வாகன உரிமத்துக்கான பயிற்சி, ஆம்புலன்ஸ் ஓட்டுநர் பயிற்சி, ஐடிஐ மாணவர்களின் பட்டறை வகுப்பு எல்லாம் அதே தளத்தில் நடந்தால் வருடம் முழுக்க வேலை இருக்கும். பந்தயம் அதன் மேல் வளரட்டும். நொய்டாவில் இந்த வரிசை தலைகீழாகப் போனது, அதனால்தான் அங்கே புல் முளைத்தது.

இடம்? சோழவரத்தைப் போலவே அதே போர்க்காலத்தில் போட்ட ஓடுதளங்கள் தமிழ்நாட்டில் இன்னும் சில உண்டு. உளுந்தூர்ப்பேட்டையில் ஒன்று, செட்டிநாட்டில் ஒன்று, கயத்தாற்றில் ஒன்று. கெட்டியான மேட்டு நிலம், ஏற்கெனவே போட்ட தளம், அரசின் வசமுள்ள பூமி. எங்களுக்குப் பக்கம் செட்டிநாடு. அகஸ்தியன்பள்ளியிலிருந்து திருத்துறைப்பூண்டிக்கு 2023 ஏப்ரல் முதல் மறுபடி ரயில் ஓடுகிறது, அங்கிருந்து பட்டுக்கோட்டை, அறந்தாங்கி வழியாகக் காரைக்குடிக்குப் பாதை இருக்கிறது. வேதாரண்யத்துப் பையன் காலையில் ரயிலேறிப் போய்ப் பயிற்சி எடுத்து வரலாம். அங்கும் சத்தக் கணக்கைப் போட வேண்டும், பக்கத்து ஊர்களைக் கேட்க வேண்டும், வடிகாலைப் பார்க்க வேண்டும். கோடியக்கரைக்கு வைத்த சோதனைகளை அங்கேயும் வைத்து, அவற்றில் தேறினால் மட்டும் கட்டலாம்.

விளையாட்டுத் துறையும் பந்தய கிளப்புகளும் அடுத்த தடத்துக்கு நிலம் தேடும்போது முதலில் அந்த மூன்று ஓடுதளங்களையும் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். அதுவரை கடற்கரை ஓரத்தில் காலி இடம் இருக்கிறது என்று யார் சொன்னாலும், அந்த இடத்தில் இப்போது யார் வாழ்கிறார்கள், மழைத் தண்ணீர் எந்த வழியாகப் போகிறது என்ற இரண்டு கேள்விகளை நம் ஊர்க்காரர்கள் கிராமசபையிலேயே கேட்டுவிட வேண்டும்.